சிஸ்டம் சர்வீஸுக்கு ஆள் வைப்பதா, வெளியே கொடுப்பதா: திருப்பூர் கணக்குப் பிரிவிலிருந்து ஓர் அனுபவம்

2019 ஜூலை 8, திங்கட்கிழமை காலை எட்டே முக்கால் மணிக்கு அலுவலகத்தைத் திறந்து கணக்கு மென்பொருளான டேலியை இயக்கியபோது, வழக்கமாக வரும் கம்பெனிப் பெயர் வரவில்லை. சர்வரில் போய்ப் பார்த்தால் கோப்புகள் அனைத்தும் அதனதன் இடத்தில்தான் இருந்தன. ஆனால் ஒவ்வொன்றின் பெயருக்குப் பின்னாலும் அறிமுகமில்லாத ஒரு மின்னஞ்சல் முகவரியும் பொருள் விளங்காத சில எழுத்துகளும் ஒட்டிக்கொண்டிருந்தன. பணம் அனுப்பினால் பூட்டைத் திறந்து தருகிறோம் என்று ஆங்கிலத்தில் ஒரு குறிப்பும் திரையில் கிடந்தது. ஜூன் மாத விற்பனைக்கு ஜிஎஸ்டிஆர்-1 என்ற வரிக்கணக்கைத் தாக்கல் செய்யக் கடைசி நாள் 11ஆம் தேதி. கணினிப் பராமரிப்பை வெளியாளிடம் கொடுப்பது நல்லதா, சொந்தமாக ஆள் வைத்துக்கொள்வது நல்லதா என்று யாராவது என்னைக் கேட்டால், சம்பளத்தையும் ஒப்பந்தத் தொகையையும் ஒப்பிடும் முன்பே எனக்கு அந்தக் காலைதான் நினைவுக்கு வருகிறது.

நாங்கள் திருப்பூரில் பி.என். ரோட்டை ஒட்டி இயங்கும் நடுத்தரமான பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம். ஊர் வழக்கில் பனியன் கம்பெனி. கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங் எல்லாம் ஒரே வளாகத்தில் நடக்கின்றன. 38 சிஸ்டம், ஒரு சர்வர், பேட்டர்ன் வரையும் கேட் (CAD) சிஸ்டம், அதைப் பெரிய தாளில் அச்சிடும் ஒரு பிளாட்டர், வருகைப் பதிவுக்கு விரல்ரேகை இயந்திரங்கள், கேமராக்கள் ஆகியவை எங்கள் கணினிச் சொத்து. நான் கணக்குப் பிரிவின் பொறுப்பாளர். கணினியைப் பற்றிப் படித்தவள் அல்லள். சர்வீஸ் பில் என் மேசைக்கு வந்ததால் சர்வீஸும் என் பொறுப்பாகிவிட்டது. பல கம்பெனிகளில் இப்படித்தான் நடக்கிறது என்று நினைக்கிறேன்.

2011 முதல் ஊரிலேயே இருந்த ஒரு சிறிய சர்வீஸ் கடைக்கு ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் கொடுத்திருந்தோம். கடைக்காரரும் இரண்டு பையன்களும்தான் மொத்த ஆள்பலம். உதிரிபாகம் தனி, வேலைக்கூலி மட்டும் ஒப்பந்தத்தில் என்ற முறையில், ஒரு சிஸ்டத்துக்கு ஆண்டுக்கு 1,500 ரூபாய் வீதம் 57,000 ரூபாய். இதன்மேல் வரும் 18 சதவீத ஜிஎஸ்டி எங்களுக்கு உள்ளீட்டு வரியாகத் திரும்பிவிடும் என்பதால் அதைச் செலவில் சேர்க்கத் தேவையில்லை. ஒப்பிட்டுப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் அதையும் சேர்த்துக் கணக்குப் போட்டு, வெளியாள் செலவை உள்ளதைவிடக் கூட்டிக் காட்டிவிடுகிறார்கள்.

அந்தக் கடைக்காரரைப் பற்றி எனக்கு இன்றும் மனக்குறை இல்லை. ஹார்டு டிஸ்க் மாற்றுவது, மெமரி போடுவது, பிரிண்டர் ரோலரைச் சுத்தம் செய்வது போன்றவற்றில் கை சுத்தம். எங்கள் தொழிலில் பஞ்சுத்தூசி பெரிய எதிரி. செக்கிங் பகுதியில் இருக்கும் சிஸ்டத்தை மூன்று மாதத்துக்கு ஒருமுறை திறந்து ஊதாவிட்டால், விசிறியைச் சுற்றிப் பஞ்சு மெத்தை போலப் படிந்து, சூடேறி நின்றுவிடும். அவருடைய பையன்கள் சொல்லாமலே ப்ளோயரோடு வருவார்கள். சிக்கல் வந்ததெல்லாம் அவசர வேளையில்தான். தூத்துக்குடிக்குப் போகும் லாரி வாசலில் நிற்க, பேக்கிங் லிஸ்ட் அச்சாக மறுக்கும். "வந்துட்டே இருக்கேனுங்க மேடம்" என்று தொலைபேசியில் பதில் வரும். அந்த நேரத்தில் அவர் காதர்பேட்டையில் வேறொரு வாடிக்கையாளரின் சிஸ்டத்தைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். 57,000 ரூபாய்க்கு ஒரு மனிதரின் முழு நேரத்தை எதிர்பார்த்தது எங்கள் தவறு.

அந்த ஜூலைக் காலையில் அவர் அரை மணி நேரத்தில் வந்துவிட்டார். பேக்கப் இருக்கிறதா என்று கேட்டேன். தினமும் இரவு தானாகவே எடுக்கும்படி செய்திருப்பதாகச் சொன்னார், உண்மையும் அதுவே. ஆனால் அந்தப் பேக்கப் அதே சர்வரின் இன்னொரு டிரைவில் விழுந்துகொண்டிருந்தது. அதுவும் பூட்டப்பட்டிருந்தது. திருடன் எப்படி வந்தான் என்பது மெல்ல விளங்கியது. முதலாளி வீட்டிலிருந்தே டேலியைப் பார்க்க வேண்டும் என்று கேட்டதற்காக, தொலைவிலிருந்து கணினியை இயக்கும் ரிமோட் டெஸ்க்டாப் வசதிக்கான 3389ஆம் எண் வாயிலை (போர்ட்) ரவுட்டரில் நேரடியாகத் திறந்துவைத்திருந்தார்கள். பாஸ்வேர்டு, கம்பெனிப் பெயருடன் 123. இணையத்தில் அந்த வாயில் திறந்திருக்கும் கணினிகளைத் தேடி, பாஸ்வேர்டை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கும் மென்பொருள்களுக்கு இது ஒரு வேலையே இல்லை. வானாகிரை என்ற பூட்டு வைரஸ் 2017 மே மாதம் உலகம் முழுக்கப் பரவியபோது, அதைத் தடுக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் அதற்கு இரண்டு மாதம் முன்பே வெளியிட்டிருந்தது என்று செய்தியில் படித்து, "நம்ம சிஸ்டத்துக்கெல்லாம் அது போட்டாச்சா?" என்று ஒருமுறை கேட்டேன். போட்டாச்சு என்றார்கள். அதோடு விட்டுவிட்டேன், வாசல் கதவைப் பற்றிக் கேட்க எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

அடுத்து நடந்ததுதான் எனக்கு அதிக வருத்தம். நல்லெண்ணத்துடன், எங்களைச் சீக்கிரம் வேலைக்குக் கொண்டுவர வேண்டும் என்ற அவசரத்தில், அவர் பத்தரை மணிக்கெல்லாம் சர்வரை ஃபார்மேட் செய்துவிட்டார். பூட்டப்பட்ட கோப்புகளைச் செலவில்லாமல் திறக்கும் கருவிகளை வெளியிடுவதற்காகவே ஐரோப்பியக் காவல் அமைப்பான யூரோபோல், நெதர்லாந்து காவல்துறை முதலானோர் 2016இல் தொடங்கிய நோ மோர் ரான்சம் என்ற திட்டம் இருப்பதைப் பின்னால் அறிந்தேன். சில வகைப் பூட்டுகளுக்கு உடனே, சிலவற்றுக்குப் பல மாதம் கழித்து, சாவி கிடைத்திருக்கிறது. எங்கள் பூட்டுக்குக் கிடைத்ததா என்று பார்க்கக்கூட எங்களிடம் டிஸ்க் இல்லை. காவல்துறையிடம் காட்டச் சான்றும் இல்லை. பூட்டப்பட்ட டிஸ்க்கைக் கழற்றித் துணியில் சுற்றிப் பீரோவில் வைத்துவிட்டு, புது டிஸ்க்கில் வேலையைத் தொடங்கியிருக்க வேண்டும். அதற்கு ஆகியிருக்கும் செலவு ஒரு டிஸ்க்கின் விலைதான்.

எங்களைக் காப்பாற்றியது தற்செயல். ஆண்டுக் கணக்குத் தணிக்கைக்காக ஜூன் 15ஆம் தேதி ஆடிட்டர் அலுவலகத்துக்குப் பென்டிரைவில் டேலி டேட்டாவைக் கொடுத்திருந்தோம். அதிலிருந்து 23 நாள்களின் பதிவுகளைக் காகிதத்தைப் பார்த்து மறுபடியும் போட்டோம். முதலில் விற்பனை பில்களை மட்டும் ஏற்றி 11ஆம் தேதி இரவு ஜிஎஸ்டிஆர்-1 தாக்கல் செய்தோம். கொள்முதலை 20ஆம் தேதிக்குள் போட்டு, ஜிஎஸ்டிஆர்-3பி என்ற மாதக் கணக்கையும் தாக்கல் செய்தோம். நெட்வொர்க்கில் இணைக்காத கேட் சிஸ்டம் தப்பியது. வாடிக்கையாளரிடம் ஆர்டர் பேசும் மெர்ச்சண்டைசர்களின் விலைக்கணக்குத் தாள்கள் மட்டும் போயே போய்விட்டன. பழைய ஆர்டரைப் பார்த்து விலை சொல்லும் பழக்கமுள்ள இந்தத் தொழிலில் அது எவ்வளவு பெரிய இழப்பு என்பது விலைக்கணக்குப் போட்டவர்களுக்குத்தான் தெரியும்.

அதன்பின் முதலாளிக்கு வெளியாள் என்ற சொல்லே பிடிக்காமல் போனது. 2019 அக்டோபரில் ஒரு டெக்னீஷியனைச் சொந்தமாகச் சேர்த்தோம். மாதச் சம்பளம் 20,000 ரூபாய். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது ஆண்டுக்கு 2,40,000 என்று தெரியும். அன்றைய விதிப்படி எங்கள் பங்காகப் பிஎஃப் 12 சதவீதம், இஎஸ்ஐ 3.25 சதவீதம், தீபாவளிக்குக் குறைந்தது 8.33 சதவீதம் போனஸ், இவற்றைச் சேர்த்தால் மூன்று லட்சத்தை ஒட்டிவிடும். பழைய ஒப்பந்தத்தைப் போல ஐந்து மடங்குக்கும் மேல். ஆனால் அந்த மனிதர் வந்த மூன்றே மாதத்தில் சிஸ்டம் நின்றது என்ற பேச்சு அலுவலகத்தில் அருகிப்போனது. எந்த யூபிஎஸ்ஸின் பேட்டரி இறங்கிவிட்டது, எந்த மேசையின் கேபிளை எலி கடித்திருக்கிறது, எந்த மெர்ச்சண்டைசர் கண்ட இணைப்பையெல்லாம் திறப்பவர் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020 ஜனவரி 14 அன்று முடிவதை முன்கூட்டியே சொல்லி, எங்களை அவசரப்படுத்தாமல் பகுதி பகுதியாக மாற்றிக் கொடுத்தார். அதே ஆண்டு மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்து கம்பெனி மூடியிருந்த வாரங்களில், வாயிலைத் திறந்துபோடாமல் விபிஎன் என்ற பாதுகாப்பான தனி இணைப்பு மூலம் நாங்கள் வீட்டிலிருந்து வேலை பார்க்க வழி செய்தவரும் அவர்தான். மாதக் கடைசியில், சரக்கு வாங்குபவர்களான பையர்களின் மின்னஞ்சல்களுக்கு என் வீட்டுச் சமையலறை மேசையிலிருந்து பதில் அனுப்பியபோது அவருடைய சம்பளம் எனக்குக் குறைவாகவே பட்டது.

சொந்த ஆளை வைப்பவர்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. அதைக் கொஞ்சம் சிரிப்போடுதான் சொல்ல முடியும். கம்பெனிக்குள் கணினி தெரிந்த ஒருவர் இருக்கிறார் என்று தெரிந்துவிட்டால், முதலாளி வீட்டு டிவிக்கு வைஃபை, அவர் மகளின் லேப்டாப், மைத்துனரின் செல்போன், மேலாளர் வீட்டுக் கேமரா எல்லாம் அவரிடம் வந்து சேரும். ஒரு மாதம் நான் குறித்துவைத்துப் பார்த்ததில் அவர் நேரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கம்பெனிக்குச் சம்பந்தமில்லாத வேலைக்குப் போயிருந்தது. இன்னொன்று அவருக்கே நடந்த நட்டம். நூறு கம்பெனிக்குப் போகும் சர்வீஸ்காரர் நூறு விதமான கோளாறுகளைப் பார்த்துத் தேறுகிறார். எங்கள் ஆள் எங்கள் 38 சிஸ்டத்தை மட்டும் பார்த்தார். இரண்டு ஆண்டில் இங்கே கற்றுக்கொள்ள வேண்டியதெல்லாம் முடிந்துவிட்டது. கெட்டிக்காரர் என்றால் போகத்தான் செய்வார்.

2021 ஆகஸ்டில் கோவையில் நல்ல சம்பளத்துக்கு வேலை கிடைத்துப் போனார். மகிழ்ச்சியோடுதான் வழியனுப்பினோம். அவர் போன இரண்டாம் வாரம் பையர் தரப்புத் தணிக்கையாளர் ஒருவர் பழைய கேமராப் பதிவைக் காட்டச் சொன்னார். ரெக்கார்டரின் பாஸ்வேர்டு யாருக்கும் தெரியவில்லை. மின்னஞ்சல் நிர்வாகக் கணக்கில் நுழைந்தால் ஓடிபி அவருடைய சொந்தச் செல்போனுக்குப் போனது. வெளியிலிருந்து வரும் இணைப்புகளை வடிகட்டும் ஃபயர்வாலில் என்னென்ன விதிகள் எழுதப்பட்டிருக்கின்றன, விபிஎன் யார் யாருக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது என்பதெல்லாம் அவர் தலைக்குள் இருந்தன. அவர் எதையும் மறைக்கவில்லை, நாங்கள் கேட்டதில்லை. மூன்று மாதம் வரை மதிய உணவு வேளையில் அழைத்தால் எடுத்துப் பொறுமையாகச் சொல்வார். மனக்கசப்போடு வேலையை விட்டவராக இருந்திருந்தால் எங்கள் நிலை என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே இன்றும் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

அதே ஆண்டு நவம்பரில் இன்னொரு பழைய கடன் வாசலுக்கு வந்தது. ஒருநாள் காலை முதல் எங்களுக்கு மின்னஞ்சலே வரவில்லை; அனுப்பியவை திரும்பி வருவதாகப் பையர் அலுவலகத்திலிருந்து தொலைபேசியில் சொன்னார்கள். மின்னஞ்சலுக்கு அடிப்படையான கம்பெனியின் இணைய முகவரி, அதாவது டொமைன் பெயர், காலாவதியாகியிருந்தது. 2011 ஒப்பந்தக்காரர் அதைத் தன் கணக்கில், தன் மின்னஞ்சலில் பதிவு செய்து, 2016இல் ஐந்து ஆண்டுக்குப் புதுப்பித்திருந்தார். நினைவூட்டல்கள் எல்லாம் அவருக்குப் போயிருந்தன. அவரோ கடையை மூடிவிட்டு அவிநாசிப் பக்கம் வேறு தொழில் செய்துகொண்டிருந்தார். தேடிப் பிடித்து அழைத்தோம். அன்று மாலையே புதுப்பித்து, மாற்றிக்கொள்வதற்கான குறியீட்டையும் கொடுத்துவிட்டார். ஒரு பெட்டி காபித்தூளைத் தவிர எதுவும் வாங்கிக்கொள்ளவில்லை. காலாவதியான டொமைனைக் குறிப்பிட்ட அவகாசத்துக்குள் உரிமையாளர் மீட்காவிட்டால் யார் வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம். அப்படி ஒருவர் வாங்கி, எங்கள் பெயரிலேயே பையருக்கு வங்கிக் கணக்கு எண் மாறிவிட்டது என்று ஒரு மின்னஞ்சல் அனுப்பியிருந்தால் யாரும் சந்தேகப்பட்டிருக்க மாட்டார்கள். உங்கள் டொமைன் யார் பெயரில், எந்த மின்னஞ்சலில் பதிவாகியிருக்கிறது என்பதை இதைப் படிக்கும் நீங்கள் இன்றே பார்த்துவிடுங்கள் என்று கேட்டுக்கொள்வேன்.

2022 ஜனவரியில் கோவையைச் சேர்ந்த ஒரு பெரிய பராமரிப்பு நிறுவனத்திடம் மொத்தமாக ஒப்படைத்தோம். பதினான்கு பக்க ஒப்பந்தம். தொலைபேசி எண், டிக்கெட் எண், மாதந்தோறும் வண்ண வரைபடங்களுடன் அறிக்கை. அவர்களுடைய திறமையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆண்டு விற்றுமுதல் 20 கோடிக்கு மேற்பட்டவர்களுக்கு 2022 ஏப்ரல் 1 முதல் மின்-விலைப்பட்டியல் கட்டாயமானபோது, ஊரில் பலர் கியூஆர் குறி அச்சாகவில்லை என்று தவித்துக்கொண்டிருக்க, எங்களுக்கு ஒரே நாளில் எல்லாம் சரியாக ஓடியது. வேறு பல இடங்களில் செய்து பழகிய கை. சொந்த ஆள் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அந்த முதல் நாளில் தடுமாறியிருப்பார்.

அவர்களிடம் இல்லாதது எங்கள் சனிக்கிழமை. திருப்பூரில் தொழிலாளிக்குச் சனிக்கிழமை மாலை வாரச் சம்பளம். இந்த ஊரின் கடைத்தெரு அந்தச் சனிக்கிழமையை நம்பியே இருக்கிறது. 2022 செப்டம்பரில் ஒரு வெள்ளி இரவு அவர்கள் சர்வரில் ஏதோ திருத்தம் ஏற்றினார்கள். நல்ல வேலைதான், செய்ய வேண்டிய வேலைதான். சனி மதியம் மூன்று மணிக்கு விரல்ரேகை இயந்திரங்களிலிருந்து வருகைப் பதிவை இழுத்தால் சர்வர் அவற்றை அடையாளம் காணவில்லை. அழைத்தேன். சனிக்கிழமை ஒரு மணியோடு சேவை முடிந்துவிட்டது, திங்கள் காலை முதல் வேலையாகப் பார்க்கிறோம் என்று மிகவும் மரியாதையாகப் பதில் வந்தது. ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தேன். ஆறாம் பக்கத்தில் அப்படித்தான் இருந்தது, அதன் கீழே என் கையெழுத்தும் இருந்தது. "ஏனுங்க மேடம், சம்பளம் இன்னைக்குக் கிடைக்குங்களா?" என்று செக்கிங்கில் இருக்கும் ஓர் அம்மா வந்து கதவருகே நின்றார். சூப்பர்வைசர்களின் நோட்டைப் பார்த்துக் கையாலேயே கணக்குப் போட்டு, இரவு ஒன்பதே கால் மணிக்குக் கடைசிக் கவரைக் கொடுத்தோம். ஊருக்குப் போகும் கடைசிப் பேருந்தைத் தவறவிட்ட பதினோரு பேரைக் கம்பெனி வேனில் அனுப்பினோம்.

திங்கட்கிழமை அவர்கள் வந்து பத்து நிமிடத்தில் சரிசெய்துவிட்டார்கள். திருத்தத்தோடு ஃபயர்வால் அமைப்பு ஒன்று மாறி, இயந்திரங்கள் பேசும் வாயில் அடைபட்டிருந்ததாம். பத்து நிமிட வேலைக்கு இரண்டு நாள் காத்திருக்க வைத்தது திறமைக் குறைவு அல்ல. எங்கள் வாரம் எங்கே முடிகிறது என்பது அவர்களுக்குத் தெரியாமல் போனதுதான். அந்த ஒப்பந்தத்தில் நான் கவனிக்காமல் விட்ட இன்னொரு சொல் 'பதில்'. நான்கு மணி நேரத்தில் பதில் என்று போட்டிருந்தால், நான்கு மணி நேரத்தில் உங்களுக்கு ஒரு டிக்கெட் எண் வரும் என்று பொருள். சிஸ்டம் ஓடும் என்று பொருள் அல்ல. சரிசெய்து முடிக்கும் நேரத்தைத் தனியே எழுதி வாங்க வேண்டும். எந்தச் சிஸ்டத்துக்கு எவ்வளவு நேரம் என்றும் பிரித்து எழுத வேண்டும். வரவேற்பறைச் சிஸ்டம் ஒருநாள் நின்றாலும் பரவாயில்லை. பேக்கிங் லிஸ்ட் அடிக்கும் சிஸ்டம் அப்படி அல்ல.

2023 ஜூனில் இப்போதிருக்கும் ஏற்பாட்டுக்கு வந்தோம். நம்பியூர்ப் பக்கத்திலிருந்து டிப்ளமோ முடித்த ஒரு பையனைச் சேர்த்தோம். பிறர் முன்னால் என்னை மேடம் என்பான். அவசரத்தில் அக்கா என்று வாயில் வந்துவிடும். அன்றாட வேலைகள் அனைத்தும் அவனிடம்: பஞ்சு ஊதுவது, யூபிஎஸ், பிரிண்டர், புது ஆளுக்குக் கணக்கு உருவாக்குவது, வேலையை விட்டுப் போகிறவரின் கணக்கை அன்று மாலையே முடக்குவது, டிஜிட்டல் கையெழுத்து டோக்கன்களின் காலாவதித் தேதியைப் பார்ப்பது. சர்வர், ஃபயர்வால், மின்னஞ்சல் அமைப்பு, பாதுகாப்புத் திருத்தங்கள் ஆகியவை கோவை நிறுவனத்திடமே இருக்கின்றன. ஒப்பந்தத்தைச் சுருக்கி, சனிக்கிழமை இரவு எட்டு மணி வரை என்று திருத்தி வாங்கினோம். அதற்குக் கூடுதல் பணம் கேட்டார்கள், கொடுத்தோம். இரண்டையும் சேர்த்தால் தனித்தனியாக எதை வைத்திருந்தபோதும் ஆனதைவிடச் செலவு அதிகம் என்பதை மறைக்க விரும்பவில்லை. பத்துப் பதினைந்து சிஸ்டம் உள்ள கம்பெனிக்கு இது கட்டாது; அவர்களுக்கு ஊரிலிருக்கும் நல்ல சர்வீஸ் கடையே போதும் என்பது என் எண்ணம், கீழே சொல்பவற்றைக் கடைப்பிடித்தால்.

யாரிடம் வேலையைக் கொடுத்தாலும் சாவி எங்களிடம் இருக்க வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்தோம். நிர்வாகப் பாஸ்வேர்டுகள் அனைத்தும் காகிதத்தில் எழுதப்பட்டு, ஒட்டிய கவரில், ஒட்டிய இடத்தின்மேல் இருவர் கையெழுத்துடன் முதலாளி அறை இரும்புப் பெட்டியில் இருக்கின்றன. கவரைப் பிரித்தால் உள்ளேயிருக்கும் பாஸ்வேர்டுகளை மாற்றிப் புதுக் கவர் வைக்க வேண்டும். ஓடிபி வருவதற்கென்று கம்பெனி பெயரில் ஒரு சிம் வாங்கி, ஒரு பட்டன் போனில் போட்டு, என் மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். டொமைன், மின்னஞ்சல், ஜிஎஸ்டி தளம் எல்லாம் அந்த எண்ணுக்கு மாற்றப்பட்டுவிட்டன. வெளியாள் தொலைவிலிருந்து உள்ளே வரும் மென்பொருளை நிரந்தரமாக நிறுவிவைக்க அனுமதிப்பதில்லை. ஒவ்வொரு முறையும் எங்கள் பையன் திறந்துவிட்டு, வேலை முடியும் வரை பக்கத்தில் உட்கார்ந்து, என்ன மாற்றினார்கள் என்று ஒரு சிவப்பு நோட்டில் தமிழிலேயே எழுதிவைக்கிறான். பழுதான ஹார்டு டிஸ்க் கம்பெனி வளாகத்தைத் தாண்டிப் போவதில்லை. மாற்றுச் சலுகையில் பழைய டிஸ்க்கைத் திருப்பிக் கொடுத்தால் கிடைக்கும் தள்ளுபடியை வேண்டாம் என்று விடுகிறோம்.

பேக்கப் விஷயத்தில் சட்டமே எங்கள் பக்கம் வந்தது. கணக்குப் புத்தகங்களை மின்னணு முறையில் வைத்திருக்கும் நிறுவனங்கள் இந்தியாவுக்குள் இருக்கும் சர்வரில் தினந்தோறும் நகல் வைக்க வேண்டும் என்று கம்பெனிகள் கணக்கு விதிகள் 2022 ஆகஸ்டில் திருத்தப்பட்டன. எங்களைப் போன்ற பிரைவேட் லிமிடெட் நிறுவனங்களுக்கும் அது பொருந்தும். ஆகவே ஒரு நகல் வெளி சர்வருக்குப் போகிறது, இரண்டு வெளி டிஸ்க்குகள் வாரம் மாற்றி வாரம் முதலாளி வீட்டுக்குப் போகின்றன. ஆனால் நகல் எடுப்பது பாதி வேலைதான். மாதத்தின் முதல் சனிக்கிழமை காலையில், அந்த நகலிலிருந்து ஒரு பழைய சிஸ்டத்தில் டேலியைத் திறந்து, வங்கிக் கணக்கின் முடிவு இருப்பு முந்தைய நாள் அச்செடுத்த தாளோடு ஒத்திருக்கிறதா என்று நானே பார்க்கிறேன். முதல் முறை பார்த்தபோது ஒத்துவரவில்லை. பதினோரு வாரத்துக்கு முந்தைய இருப்பைக் காட்டியது. டேலியின் பதிப்பை மாற்றியபோது டேட்டா வேறு கோப்புறைக்குப் போயிருக்கிறது; பேக்கப்போ பழைய கோப்புறையையே தினமும் தவறாமல் நகலெடுத்துக்கொண்டிருந்தது. மாதாந்தர அறிக்கையில் பச்சை நிறத்தில் வெற்றி என்றுதான் வந்துகொண்டிருந்தது. பையனும் ஓடுகிறது என்றான், நிறுவனமும் ஓடுகிறது என்றது, இருவரும் பொய் சொல்லவில்லை.

தாக்குதல் நடந்தால் யார் யாருக்குச் சொல்வது என்பதையும் ஒப்பந்தத்தில் சேர்த்தோம். இணையத் தாக்குதல்களை அறிந்த ஆறு மணி நேரத்துக்குள் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2022 ஏப்ரல் 28 அன்று ஆணை வந்திருக்கிறது. கணினிகளின் செயல்பாட்டுப் பதிவுகளை 180 நாள் வைத்திருக்கவும் அதில் சொல்லப்பட்டிருக்கிறது. பணம் பறிபோனால் 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். இந்த எண்ணும், "டிஸ்க்கை ஃபார்மேட் செய்யாதே, கேபிளைக் கழற்று, போன் செய்" என்ற வரியும் சர்வர் அறைக் கதவில் ஒட்டியிருக்கின்றன. இரண்டாவது வரி என் கையெழுத்தில் இருக்கிறது.

உள்ளாளும் வெளியாளும் சேர்ந்திருப்பதன் பலன் எங்கே தெரிந்தது என்றால் விண்டோஸ் 10 விவகாரத்தில். அதன் ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. கோவை நிறுவனம் விண்டோஸ் 10 ஓடிய 31 சிஸ்டங்களையும் மாற்றச் சொல்லி மதிப்பீடு அனுப்பியது. பையன் இரண்டு நாள் ஒவ்வொரு சிஸ்டமாகத் திறந்து பார்த்து, விண்டோஸ் 11க்குத் தேவையான டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய இன்டெல் செயலியும் உள்ளவை 14 என்று பட்டியல் போட்டான். சிலவற்றில் அந்தச் சில்லு இருந்தும் அமைப்பில் அணைத்துவைக்கப்பட்டிருந்தது. அந்த 14ஐயும் விண்டோஸ் 11க்கு மாற்றிக்கொண்டு, 17 மட்டும் புதிதாக வாங்கினோம். நிறுவனத்தார் பட்டியலைப் பார்த்துவிட்டு மறுபேச்சின்றி ஒப்புக்கொண்டார்கள். அவர்கள் ஏமாற்ற நினைத்ததாக நான் கருதவில்லை. வாங்கிய ஆண்டை வைத்துக் கணக்கிட்டிருந்தார்கள், திறந்து பார்க்கவில்லை. மறுபக்கம், பையன் கேட் சிஸ்டத்தையும் மாற்றப் புறப்பட்டபோது தடுத்தவர்கள் அவர்கள்தான். அந்தப் பழைய பிளாட்டரின் டிரைவர் புதியதில் ஓடாது என்று வேறொரு வாடிக்கையாளரிடம் பட்டுத் தெரிந்துகொண்டிருந்தார்கள். அது இன்றும் நெட்வொர்க்கில் சேராமல் தனியாகவே ஓடுகிறது.

வரும் தை மாதம் பையனுக்குத் திருமணம். பதினைந்து நாள் விடுப்பு கேட்டிருக்கிறான். நடுவில் இரண்டு சனிக்கிழமைகள் வருகின்றன. கோவையிலிருந்து அந்த இரண்டு நாளும் ஓர் ஆளை நேரில் அனுப்பச் சொல்லியிருக்கிறேன். சிவப்பு நோட்டைப் பையன் நேற்று என் மேசையில் வைத்துவிட்டு, "அக்கா, இதைப் பார்த்து நீங்களே ஒருதடவை வருகைப் பதிவை இழுத்துப் பாருங்க, நான் தள்ளி நின்னுக்கறேன்" என்றான். நாற்பத்தேழாம் பக்கத்தில் ஒரு படியை எழுத மறந்திருக்கிறான். அந்த இடத்தில் பென்சிலால் குறித்து வைத்திருக்கிறேன்.